மஞ்சள் தடவிய இங்கிலீஷ்

முதலாளியின் ஆள்காட்டி விரலில் குழைத்த மஞ்சள் இருந்தது. அவர் முன்னால் மேஜையில் நான் டைப் அடித்த கடிதம் இருந்தது. விரல் கடிதத்துக்கு நாலு அங்குலம் மேலே நின்றுகொண்டு, இறங்கவும் மாட்டேன், விலகவும் மாட்டேன் என்றது.

வெளியே மழை. ஐப்பசியில் பிடித்தது, கார்த்திகை பிறந்தும் விடவில்லை. பேண்டேஜ் துணி காயப்போடும் களத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆபீஸ் அறைக்குள் ஈரத்துணி வாசமும் பிளீச்சிங் பவுடர் வாசமும் சேர்ந்து மூக்கைக் குடைந்தன.

“ஏம்மா, இதுக்கு மஞ்சள் வைக்கலாமா?” என்று முதலாளி கேட்டார்.

அது எண்பதுகள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அத்தனை கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று வீட்டில் கேட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் வேலையும், பின்கட்டில் பேண்டேஜ் சுற்றும் முப்பது பெண்களின் வேலையும் அந்தக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. எப்படி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் ஊர் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பால்கோவாவைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று கடிதம் போட்டிருக்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். அது எங்கும் போய்விடாது.

அரை மணி பஸ் தூரம், இரண்டு இங்கிலீஷ்

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வேலை பார்த்தது ராஜபாளையத்தில். நடுவில் அரை மணி நேர பஸ். ஆனால் இரண்டு ஊரும் பேசிய இங்கிலீஷ் வேறு வேறு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டு இருக்கிறது. அதனால் எங்கள் ஊர் இங்கிலீஷ் கோர்ட்டு இங்கிலீஷ். எங்கள் தெருவில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருந்தார். தட்டில் விழுந்த கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்து, “இது மெயின்டெய்னபிள் இல்ல” என்று, விசாரணைக்கே லாயக்கில்லாத வழக்கைப் போலத் தள்ளிவைப்பார். அவர் வீட்டு அம்மாளும் சளைத்தவர் இல்லை. “அப்ப அப்பீலுக்குப் போங்க” என்று சட்டியை மூடிவிடுவார்.

ராஜபாளையத்தில் மில்லு. அங்கே இங்கிலீஷ் சங்கு ஊதி எழுந்து வேலைக்குப் போகும். டூட்டி, ஆப் நைட் ஷிப்ட், ஓவர் டைம், பிரேக் டவுன். காய்ச்சலில் படுத்த பெண் மறுநாள் வந்து, “உடம்பு பிரேக் டவுன் ஆயிருச்சுக்கா” என்பாள். பள்ளிக்கூடம் பக்கமே ஒதுங்காதவர்கள்கூட ரிங் பிரேம், பாபின், ஸ்பிண்டில் என்று தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார்கள்.

எங்கள் வீட்டுக்குள் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அப்பா பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். கடைக்குப் போய்விட்டு வந்தால் அம்மாவிடம் “ரிப்போர்ட்டிங்” என்றுதான் நுழைவார். வத்திராயிருப்பில் இருந்த எங்கள் சித்தி வீட்டில் காரைப் பிளசர் என்பார்கள். “பிளசர் வச்சு வந்தாக” என்றால் வந்தவர்கள் பெரிய இடம் என்று அர்த்தம்.

என் சொந்த இங்கிலீஷ் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தது. அதை நடத்தியவர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே எந்தக் கடிதமானாலும் ‘வி பெக் டு ஸ்டேட்’, பணிந்து தெரிவித்துக்கொள்கிறோம், என்று மண்டியிட்டுத்தான் ஆரம்பிக்கும். சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன்னால் நாலு முறை கும்பிட்டிருக்கும். ஹையர் பாஸ் செய்தேன். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிப்பேன். ஒரு வார்த்தையைக்கூட வாயைத் திறந்து யாரிடமும் பேசியது கிடையாது. இங்கிலீஷ் என் விரலுக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது.

முதலாளி வைத்திருந்த சட்டம்

கம்பெனி பெரியது இல்லை. சுற்றுக் கிராமங்களில் தறி போட்டவர்களிடம் துணி வாங்கி, வெளுத்து, களத்தில் காயவைத்து, அளவாக வெட்டிச் சுற்றி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். அப்போதுதான் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கிடைத்திருந்தது. அதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள். டெம்பரவரி. ஆர்டர் இருக்கிற வரைக்கும் நான் இருப்பேன் என்பதை முதல் நாளே நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள்.

முதலாளி வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கையெழுத்து மட்டும் இங்கிலீஷ். நல்ல மனிதர். கோபம் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவார். கடித விஷயத்தில் அவரிடம் ஒரே சட்டம்தான். கம்பெனிக் கடிதத்தில் கெட்ட சேதி எழுதக் கூடாது.

“எழவு சேதிக்குத்தாம்மா கறுப்பு தடவி எழுதுவாக. படிச்சதும் கிழிச்சுப் போட்ருவாக. நம்ம கடுதாசி அப்படியா? மகாலட்சுமி போயிட்டு வர்ற மாதிரில்லா இருக்கணும்” என்பார்.

போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பார். மேஜையில் ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் சின்ன எவர்சில்வர் டப்பாவில் மஞ்சள் எப்போதும் குழைத்தபடி இருக்கும். அதற்கு முன் என்னைத் தமிழில் சொல்லச் சொல்வார். நஷ்டம், சேதம், முடியாது என்று வார்த்தை வந்தால் மஞ்சள் வைக்க மாட்டார். திருப்பி அடித்துக் கொண்டு வரச் சொல்வார்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நாம் எல்லாரும் அப்படித்தானே. வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் எங்கள் அம்மா “அரிசி நெறஞ்சிருச்சு” என்பாள். விளக்கை அணை என்று சொன்னால் திட்டு விழும், குளிர வை என்றுதான் சொல்ல வேண்டும். கிளம்புகிறவர்கள் போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன். அந்தப் பழக்கத்தை நாங்கள் அப்படியே இங்கிலீஷுக்கும் கொண்டுபோய்விட்டோம். தறி நின்றாலும், லாரி கவிழ்ந்தாலும், கரண்ட் ஒரு வாரம் இல்லாவிட்டாலும், எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களிடம் ஒரே வரி இருந்தது. ‘ட்யூ டு அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டன்சஸ்.’ தவிர்க்க முடியாத காரணங்களால். அதன் பின்னாலேயே ‘ஸ்லைட் டிலே’ வரும். கொஞ்சம் தாமதம்.

உள்ளூரில் இது எல்லாருக்கும் புரியும். கொஞ்சம் தாமதம் என்று வந்தால் ஒரு மாதத்துக்கு எதிர்பார்க்காதே என்று அர்த்தம். படிக்கிறவரும் நம் ஆள், எழுதுகிறவரும் நம் ஆள்.

மிஸஸ் டாசன்

வெளிநாட்டு ஆர்டர் கொடுத்தது மிஸஸ் டாசன் என்ற பெண்மணி. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லங்களுக்கு பேண்டேஜும் பஞ்சும் வாங்கிக் கொடுக்கிற தொழில்.

அவருடைய முதல் கடிதத்தைப் பார்த்து நானும் முதலாளியும் பயந்துவிட்டோம். மொத்தமே ஐந்து வரி. ரெஸ்பெக்டட் சார் இல்லை. பெக் இல்லை. ‘சாம்பிள் வந்தது. துணி நன்றாக இருக்கிறது. விலை என்ன?’ அவ்வளவுதான்.

“படிக்காத பொம்பளையா இருக்குமோ?” என்று முதலாளி கவலைப்பட்டார்.

எனக்கும் சந்தேகம்தான். என் இன்ஸ்டிடியூட்டில் அந்தக் கடிதத்துக்குப் பத்து மார்க்குக்கூடக் கிடைக்காது. ஆனால் நாலைந்து கடிதம் வந்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுவார். அவர் எழுதும் வார்த்தைகளுக்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். நடுவில் கோடு. இந்தப் பக்கம் நம்முடையது, அந்தப் பக்கம் அவர்களுடையது. நாம் டிக்கி என்பதை அவர் பூட் என்றார். நம் ஸ்டெப்னி அவருக்கு ஸ்பேர் வீல். டாக்டர் உட்கார்ந்து மருந்து எழுதிக்கொடுக்கும் இடத்தை நாம் கிளினிக் என்போம், அவர் சர்ஜரி என்றார். பஞ்சு அவருக்கு காட்டன் வுல். அமெரிக்கக் கேட்லாக் ஒன்று வந்திருந்தது, அதில் அதே பஞ்சு அப்சார்பென்ட் காட்டன். ஒரே மூட்டைக்கு இத்தனை பெயர் வைத்துக்கொண்டு எப்படித்தான் வியாபாரம் செய்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

அவரும் கேட்பார். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் என்று எல்லாக் கடிதத்திலும் முடிக்கிறீர்களே, நீட்ஃபுல் என்றால் எது? நான் என்ன செய்ய வேண்டும்?’ ஆவன செய்யவும் என்று நாம் எழுதுவதுதான் அது, செய்ய வேண்டியது எதுவோ அதைச் செய்யுங்கள், அது உங்களுக்கே தெரியும் என்று அர்த்தம் என்று பதில் எழுதினேன். அடுத்து, கப்பல் தேதியைப் பிரீபோன் செய்ய, அதாவது முன்னதாக்க, முடியுமா என்று நான் எழுதியதற்கு, தேதியையும் கொடுத்து, அந்த வார்த்தை தனக்குப் பிடித்திருப்பதாகவும், போஸ்ட்போன் இருக்கும்போது அது ஏன் இருக்கக் கூடாது என்றும் எழுதினார். எனக்கு ஏதோ நானே அதைக் கண்டுபிடித்த மாதிரி பெருமை.

இன்னொரு கடிதத்தில் ஒரு சந்தேகம். ‘உங்கள் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் கறை இருக்கிறதே, அது மருந்தா?’ முதலாளியிடம் கேட்டுக்கொண்டு விளக்கம் எழுதினேன். நல்ல காரியம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வைப்பது, கறை இல்லை என்று.

அவருடைய அம்மா இளவயதில் ஒரு பஞ்சாலையில் டாபராக இருந்தாராம். நூல் நிறைந்த பாபினை எடுத்துவிட்டுக் காலி பாபினைப் போடுகிறவர்தான் டாபர். ‘உனக்கு இந்த வார்த்தை தெரிந்திருக்காது. இங்கே மில்களெல்லாம் மூடிவிட்டதால் எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது’ என்று எழுதியிருந்தார். தெரியாதா? எங்கள் பின்கட்டில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்த மாரியக்காவே மில்லில் டாபராக இருந்தவர்தான். அதை எழுதியதும் அடுத்த கடிதம் மூன்று பக்கத்துக்கு வந்தது.

அந்த மூன்று பக்கக் கடிதம் ‘தேங்க் யூ, லவ்’ என்று முடிந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்ணுக்கு லவ் என்று எழுதிய கடிதம் வந்தால் அது எங்கெங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மாரியக்காவிடம் போய்ச் சொன்னேன். மாரியக்கா மம்சாபுரம். எதற்கும் பதறாதவர்.

“அந்தம்மா வயசு என்ன?”

“அறுபது இருக்கும்.”

“அப்ப நம்ம தாயின்னு கூப்பிடுதோம்லா, அதான். போய் வேலையப் பாரு.”

விசாரித்ததில் அதுதான் சரி. அந்தப் பக்கத்து ஊர்களில் பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவாராம். நோட்டில் அந்தப் பக்கம் லவ் என்று எழுதி, இந்தப் பக்கம் தாயி என்று எழுதினேன்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு?

இத்தனை சிநேகத்துக்கும் நடுவில்தான் வினை வந்தது. அந்த வருஷ நடுவில் ஒரு சரக்கு மூன்று வாரம் தாமதமாயிற்று. வழக்கப்படி ஸ்லைட் டிலே, அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டன்சஸ் என்று அடித்து, மஞ்சள் வைத்து அனுப்பினோம்.

பதிலில் தாயியும் இல்லை, டாபரும் இல்லை. ‘கொஞ்சம் தாமதம் என்றால் எவ்வளவு கொஞ்சம்? இரண்டு நாளா, இரண்டு மாதமா? தவிர்க்க முடியாத காரணம் என்ன? யாருக்காவது உடம்பு சரியில்லையா? எதுவானாலும் என்னால் தாங்க முடியும், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது. என்னை நம்பி வயதானவர்கள் காயத்தோடு படுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை காலியான துறைமுகத்தைப் பார்த்து நான் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், அதுவே நம்முடைய கடைசி ஆர்டராக இருக்கும்.’

அதை முதலாளிக்குத் தமிழில் சொன்னேன். “கோவக்காரப் பொம்பளதான் போல” என்றார். இனிமேல் தாமதமே வராமல் பார்த்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. அதற்கு எழுதிய பதிலுக்கும் நாலு மூலையில் மஞ்சள் வைத்தோம்.

பிறகு ஐப்பசி வந்தது.

நம்ம செஞ்ச குத்தமா?

எங்களிடம் அப்போது டிரையர் மெஷின் கிடையாது. வெயில்தான் மெஷின். வெளுத்த துணியைக் களத்தில் விரித்தால் ராஜபாளையத்து வெயிலுக்கு மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்த வருஷம் சூரியன் லீவு போட்டுவிட்டது. ஈரத்தோடு அடுக்கிய துணியில் கறுப்புப் புள்ளி விழுந்தது. அதையெல்லாம் மறுபடி வெளுக்க வேண்டும். காயவைக்க மறுபடி வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம்.

“எப்பவும் போல எழுதிரும்மா” என்றார் முதலாளி.

எப்பவும் போல அடித்தேன். உறையில் போட மனசு வரவில்லை. பின்கட்டுக்குப் போனேன். சுற்றுவதற்குத் துணி இல்லாமல் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆர்டர் போனால் பின்கட்டை மூடிவிடுவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். மாரியக்காவுக்கு மில் வேலை போனபின் கிடைத்த ஒரே வேலை இதுதான்.

“ஏட்டி ராஜி, அந்தம்மாவுக்கு மழை பெய்யுதுன்னு சொல்லியாச்சா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

“ஏன்?”

“கெட்ட சேதி எழுதக் கூடாதாம்.”

“மழை என்ன நம்ம செஞ்ச குத்தமா? அந்தம்மாவோட ஆத்தா டாபராத்தான இருந்துருக்கா. சொன்னா வெளங்காதா அவளுக்கு?”

நான் திரும்பி வந்து இன்னொரு தாளைச் சொருகினேன். மிஸஸ் டாசனின் ஐந்து வரிக் கடிதம் மாதிரியே அடித்தேன். இங்கே ஐந்து வாரமாக மழை. துணி காயவில்லை. பாதித் துணியில் புள்ளி விழுந்துவிட்டது, மறுபடி வெளுக்க வேண்டும். உங்கள் சரக்கு முப்பது நாள் தாமதமாகும், இன்னும் மழை பெய்தால் நாற்பது. நல்ல துணி கால்வாசி இருக்கிறது, வேண்டுமானால் உடனே அனுப்புகிறோம். மன்னிக்கவும். பெக்கும் இல்லை, ஹம்பிளும் இல்லை. அடித்துவிட்டுப் படித்தபோது உடுப்பில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

முதலாளியிடம் இரண்டு கடிதத்தையும் வைத்தேன். மறைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கலாம், அவர் இங்கிலீஷ் படிப்பதில்லை. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவதைத் தமிழில் முழுக்கச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

“புள்ளி விழுந்துச்சுன்னு நம்ம வாயால நம்மளே எழுதுததா? இது எழவுக் கடுதாசில்லா? ஒத்தும்மா, ஒத்து” என்றார். தெலுங்கில் ஒத்து என்றால் வேண்டாம். அவர் தெலுங்குக்கு மாறினால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையையும் பார்க்காமல் களத்துக்கு நடையைக் கட்டிவிட்டார். என் டெம்பரவரி வேலை அன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மெட்ராஸ் தபால்

மறுநாள் காலைத் தபாலில் மெட்ராஸில் இருந்து ஒரு கடிதம் வந்தது. மறுபடி வெளுப்பதற்காக நாங்கள் கேட்டிருந்த கெமிக்கல் சம்பந்தமானது. முதலாளி “வாசிம்மா” என்றார். நான் மனசுக்குள் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

“கும்பிட்டுத் தெரிவிச்சுக்கிடுதாங்க சார். தவிர்க்க முடியாத காரணங்களால சரக்கு கொஞ்சம் தாமதமாகுமாம். ஆவன செய்யணுமாம்.”

முதலாளி மேஜையைத் தட்டினார். “கொஞ்சம்னா எம்புட்டு நாளுன்னு எழுத வேண்டாமா? என்ன காரணம்னு சொல்ல வேண்டாமா? இங்க துணி அம்புட்டும் நாறிக்கிட்டுக் கெடக்கு. நான் எதை வச்சு என்ன பண்ண? எழுதுறான் பாரு கடுதாசி...”

அப்படியே நின்றுவிட்டார்.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்பச் சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மெட்ராஸ் கடிதத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “நேத்து அடிச்சியே, அந்த ரெண்டாவது கடுதாசி. கிழிச்சுட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“கொண்டா.”

இன்னொரு முறை தமிழில் சொல்லச் சொன்னார். முப்பது நாள் என்று வந்த இடத்தில், “முப்பதுல முடியுமா? முப்பத்தஞ்சுன்னு போடு. அந்தம்மா மறுபடி ஏமாறக் கூடாது” என்றார். மாற்றி அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். பழக்கத்தில் கை தானாக எவர்சில்வர் டப்பாவுக்குப் போயிற்று. மஞ்சளைத் தொட்ட விரல் கடிதத்துக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

“ஏம்மா, இதுக்கு மஞ்சள் வைக்கலாமா?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கெட்ட சேதிக்கு மஞ்சள் வைத்தால் தெய்வக் குத்தம் ஆகிவிடுமோ என்று நிஜமாகவே பயந்தார். வைக்காமல் அனுப்பினால் அது எழவுக் கடிதம் ஆகிவிடும் என்றும் பயந்தார். அந்தப் பயத்தைப் பார்த்து எனக்கு அவர் மேல் பிரியமாக இருந்தது.

“கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் வைக்கோம். நல்லது நடந்து முடிஞ்சிருச்சுன்னா சார் வைக்கோம்? நடக்கணும்னுதான” என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விரல் இறங்கியது. நாலு மூலையிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். காயும் வரை ஊதினார். நானே தபாலாபீசுக்குக் கொண்டுபோய் ஏர் மெயிலில் சேர்த்தேன்.

நாலு மூலை

பதில் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் டைப் அடிப்பதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். மாரியக்கா தினமும் ஒரு முறை ஆபீஸ் ஜன்னலில் வந்து எட்டிப்பார்ப்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டினால் போய்விடுவார்.

கடிதம் வந்தது. உறையைக் கிழித்துத் தாளை விரித்தேன். முதலில் எதையும் படிக்கவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது.

முதலாளி தாளை என் கையில் இருந்து வாங்கினார். ஒரு மூலையை நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“மஞ்சள் இல்லம்மா. பிள்ளைக படம் வரையுத கலர் பென்சில்” என்றார். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கோ எழுத்தே தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. ஜன்னலில் நின்றிருந்த மாரியக்கா, “என்ன எழுதியிருக்கான்னு சொல்லு தாயி, நான் நிக்கேன்லா” என்றதும்தான் படிக்க ஆரம்பித்தேன்.

‘நேராகச் சொன்னதற்கு நன்றி. முப்பத்தைந்து நாள் என்று தெரிந்தால் முப்பத்தைந்து நாளுக்கு ஏற்பாடு செய்ய எனக்குத் தெரியும். பக்கத்து ஊரில் கொஞ்சம் பேண்டேஜ் கடன் வாங்கி இல்லங்களுக்குக் கொடுத்துவிட்டேன். காய்ந்த துணியை முதல் கப்பலில் அனுப்பு. மீதியை வெயில் வந்ததும் அனுப்பலாம். இங்கேயும் மழைதான். நாங்கள் வருஷம் முழுக்க மழையைப் பற்றித்தான் பேசுவோம், ஆகவே அதை எழுதத் தயங்க வேண்டாம். அடுத்த வருஷத்துக்கான ஆர்டரை இதோடு வைத்திருக்கிறேன். டாபர் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.’

கடைசி வரியை மட்டும் இங்கிலீஷிலேயே வாய்விட்டுப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் படித்த முதல் இங்கிலீஷ் அதுதான்.

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல், லவ்.’

மாரியக்காவுக்கு அதைச் சொன்னேன். “செய்ய வேண்டியதச் செய்யி தாயின்னு எழுதியிருக்காங்கக்கா.”

“அதத்தான நானும் சொன்னேன்” என்றுவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம் கேட்டது.

அந்த ஆர்டர் தொண்ணூறுகளிலும் தொடர்ந்தது. என்னைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள். டிரையர் மெஷின்கூட வந்தது. நோட்டில் மட்டும் ஒரு குழப்பம் இருந்தது. மிஸஸ் டாசனின் அந்தக் கடைசி வரியைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல், கோட்டின் மேலேயே எழுதினேன். இன்றும் அப்படியே இருக்கிறது.

கடிதம் வந்த அன்று மத்தியானமே பதில் எழுத உட்கார்ந்தேன். முதலாளி எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

“என்னம்மா எழுதுத?”

“ரெண்டு நாளா நல்ல வெயில் அடிக்குன்னு எழுதுதேன் சார்.”

“பேஷ். பொறவு?”

“பொறவு, நேத்து வெளுக்குற தொட்டி ஒண்ணு கீறல் விட்ருச்சுன்னு.”

“அதையுமா எழுதணும்?”

“எழுதணும் சார்.”

பெருமூச்சு விட்டார். வேட்டியை மடித்துக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். டப்பாவை எடுத்து மஞ்சளைக் குழைக்க ஆரம்பித்தார்.